மொட்டை மாடியில் எத்தனை கிலோவாட்? மேப் சொல்வதும், சொல்லாமல் விடுவதும்

“ஏய்யா, நம்ம தட்டட்டியில அஞ்சு கிலோவாட் போடலாம்னு சொல்லுதாவ. போட்டுரவா?”

இலத்தூரிலிருந்து அத்தையின் போன். கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு படமும் வந்தது. வானத்திலிருந்து எடுத்த சாட்டிலைட் போட்டோ, நடுவில் அத்தை வீட்டு மொட்டை மாடி. அதன் மேல் வரிசை வரிசையாக நீலக் கட்டங்கள். கீழே ‘5 கிலோவாட்’ என்று கொட்டை எழுத்தில். சோலார் போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தின் கொட்டேஷன் அது. யாரும் வீட்டுக்கு வரவில்லையாம். “மேலேருந்தே அளந்துட்டாவளாம்” என்று அத்தைக்கு ஒரே ஆச்சரியம்.

ஆச்சரியப்பட வேண்டிய விஷயம்தான். ஒரு ஊரின் கூரைகளை ஆபீஸில் உட்கார்ந்தபடியே அளந்து, எவ்வளவு மின்சாரம் வரும் என்று சொல்ல முடிகிறது. நீங்களும் நானும் போனிலேயே இலவசமாக இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் அந்த நம்பரை நம்பி லோன் எடுக்கலாமா? அத்தையின் கேள்வி அதுதான். அதற்காகவே இந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன்.

இலத்தூர் தெரியாதவர்களுக்கு: தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டைப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மதுநாத சுவாமி கோயிலில் இருக்கும் சனீஸ்வரரைக் கும்பிட வருவார்கள். புராணப்படி சனியின் அப்பா சூரியன், அம்மா சாயா. சாயா என்றால் நிழல். சோலார் கணக்கும் இந்த இரண்டு பேரைச் சுற்றித்தான் ஓடுகிறது. மேப்புக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். அம்மாவைத்தான் அவ்வளவாகத் தெரியாது.

வெயிலை எப்படி வானத்திலிருந்து அளக்கிறார்கள்?

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைச் சரி செய்துகொள்வோம். உங்கள் மாடியில் விழும் வெயிலைச் செயற்கைக்கோள் அளப்பதில்லை. அது பார்ப்பது மேகத்தை.

வானம் சுத்தமாக இருந்தால் ஒரு இடத்தில் எவ்வளவு வெயில் விழும் என்பது வெறும் கணக்கு. அட்சரேகை, தேதி, நேரம் தெரிந்தால் போதும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று இந்தியாவையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்சாட்-3டி போன்ற செயற்கைக்கோள்கள் நாள் முழுக்கப் படம் எடுக்கின்றன. படத்தில் அந்த இடம் வழக்கத்தைவிட வெள்ளையாக இருந்தால் மேகம். எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு வெயிலைக் கழித்துவிடுவார்கள். இப்படிப் பல வருடப் படங்களைக் கழித்துக் கூட்டினால் சராசரி கிடைக்கும். இந்தக் கணக்கு சரியா என்று பார்க்கத் தரையிலும் கருவிகள் வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் 2011-லிருந்து நாடு முழுக்க 100-க்கும் மேற்பட்ட இடங்களில் அப்படிப்பட்ட அளவீட்டு நிலையங்களை வைத்தது.

இந்தத் தகவல் எல்லாம் இப்போது யாருக்கும் திறந்திருக்கிறது. உலக வங்கி 2017-ல் வெளியிட்ட ‘குளோபல் சோலார் அட்லஸ்’ தளத்தில் இலத்தூரைத் தொட்டால், 1 கிலோவாட் பேனல் வருடத்துக்கு எத்தனை யூனிட் தரும் என்று வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘பிவிஜிஐஎஸ்’ தளம் மாத வாரியாகப் பிரித்துக் காட்டும். வயர், இன்வெர்ட்டர், தூசி இவற்றில் போகும் நஷ்டத்துக்காக அதுவே 14 சதவீதம் கழித்துக்கொள்கிறது. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் ஒரு ஆண்ட்ராய்டு ஆப்பே செய்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், சுற்றியுள்ள மலை மேடுகள் வெயிலை மறைப்பதையும் அது கணக்கில் எடுக்கும்.

நம்ம ஊரில் எல்லோரும் கையாளும் குத்துமதிப்பு இதுதான்: 1 கிலோவாட் போட்டால் தினமும் சராசரியாக 4 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட். இந்த 240-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தெற்கு பார்த்துத்தான் வைக்கணுமா?

யூடியூபில் சோலார் வீடியோ பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது, “பேனல் தெற்கு பார்த்துத்தான் இருக்கணும்.” டெல்லிக்கு அது சரி. இலத்தூர் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 9 டிகிரியில். சித்திரை பிறக்கும் சமயத்தில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்துவிடும்; நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். ஆமாம், வடக்கே.

அதனால் இங்கே பேனலைச் சுமார் 10 டிகிரி சாய்த்தால் போதும். மழைத்தண்ணீர் வழிந்து தூசி கழுவப்படவும் அந்தச் சரிவு தேவை. தெற்கு பார்த்தால் நல்லது. இடம் இல்லாமல் கிழக்கு பார்த்து வைத்தாலும் குறைவது சில சதவீதம்தான். இன்னொரு சின்ன விஷயம்: நம்ம பக்கம் உச்சி வெயில் கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, தென்காசி 77.3-ல் இருக்கிறது. அதனால் சராசரியாக 12.20-க்குத்தான் உச்சி. நிழல் பார்க்கப் போகிறவர்களுக்கு இது உதவும்.

சாரல் மாசத்தில் என்ன ஆகும்?

குற்றாலத்துக்கு ஜூன், ஜூலையில் போனவர்களுக்குத் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கேரளத்து மேகம் உள்ளே வந்துவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறு. மாசிப் பங்குனியில் கொட்டும் யூனிட் இந்த மாதங்களில் வராது.

இங்கேதான் மேப்பின் முதல் பலவீனம் தெரிகிறது. இந்தத் தளங்களில் ஒரு புள்ளி என்பது உங்கள் வீடு இல்லை. கிலோமீட்டர் கணக்கில் பரந்த ஒரு சதுரம். குற்றாலத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போது சுரண்டையில் வெயில் காயும். நடுவில் இருக்கும் ஊர்களில் மேகத்தின் விளிம்பு எங்கே நிற்கும் என்பதை அந்தச் சதுரம் மழுப்பிவிடும். வருட மொத்தத்தில் இது பெரிய தப்பாகாது. ஆனால் “மாசா மாசம் இவ்வளவு மிச்சம்” என்று ஒரே நம்பரைக் கொட்டேஷனில் எழுதியிருந்தால், அது ஆடி மாசத்துக்கும் பங்குனி மாசத்துக்கும் ஒரே சட்டை தைத்த கதை.

ஒரு ஆறுதலும் உண்டு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் போச்சு. கணவாய்க் காற்று இந்தச் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். அதே காற்றுதான் தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்ற வைக்கிறது. சோலார் படுக்கும் மாதங்களில் காற்றாலை எழுந்துகொள்வது தமிழ்நாட்டு மின்சாரத்துக்கு வாய்த்த நல்ல ஜோடிப் பொருத்தம்.

சரி, மேற்கே இவ்வளவு பெரிய மலை நிற்கிறதே, அது வெயிலை மறைக்காதா? மறைக்கும். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 10 கிலோமீட்டர் தள்ளி 1,000 மீட்டர் உயர மலை இருந்தால், அது அடிவானத்திலிருந்து 6 டிகிரிதான் உயர்ந்து தெரியும். சூரியன் மணிக்கு 15 டிகிரி இறங்குகிறது. அதாவது அஸ்தமனம் ஒரு 25 நிமிடம் முன்னாலேயே வந்துவிடும், அவ்வளவுதான். சாயங்காலம் கடைசி அரை மணி நேரத்தில் பேனல் தருவது எப்படியும் சொற்பம்.

மலையை விட அத்தை வீட்டுத் தென்னை மரம்தான் பெரிய வில்லன். பங்குனி, புரட்டாசியில் மதியம் மூன்று மணி தாண்டியதும் ஒரு மரத்தின் நிழல் கிட்டத்தட்ட அதன் உயரம் அளவுக்கு நீளும். 50 அடித் தென்னை என்றால் 50 அடி நிழல். வீட்டுக்கு மேற்கே மரம் நின்றால் பாதி மாடி போய்விடும். பேனலுக்குள் செல்கள் எல்லாம் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருப்பதால், ஓரத்தில் ஒரு கீற்றின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே தடுமாறும். பம்பு செட்டு ஹோஸை ஒரு இடத்தில் மிதித்தால் மொத்தத் தண்ணீரும் குறைகிற மாதிரி. இதற்காகவே பேனலில் ‘பைபாஸ் டயோடு’ வைக்கிறார்கள். நிழல் விழுந்த பகுதியை விட்டுவிட்டு மின்சாரம் சுற்றிப்போக அது வழி விடும். ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

கூரையை அளப்பது யார்?

கூகுள் எர்த் ஆப்பில் ஸ்கேல் போலிருக்கும் பட்டனைத் தொட்டு மாடியின் நான்கு மூலைகளையும் குறித்தால் சதுர மீட்டர் வந்துவிடும். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிட வேலை.

ஒரு ஊருக்கே வேண்டும் என்றால்? கூகுளின் ‘ஓப்பன் பில்டிங்ஸ்’ என்ற தரவுத் தொகுப்பு இருக்கிறது. 50 செ.மீ. துல்லியமுள்ள சாட்டிலைட் படங்களிலிருந்து கட்டடங்களைக் கம்ப்யூட்டரே அடையாளம் கண்டு எல்லைக் கோடு வரைந்திருக்கிறது. 2023-ல் வந்த அதன் மூன்றாவது பதிப்பில் ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, தெற்காசியா எல்லாம் சேர்த்து சுமார் 180 கோடி கட்டடங்கள். இந்தியாவும் உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் பரப்பளவும், ‘இது கட்டடம்தான் என்று எவ்வளவு நிச்சயம்’ என்ற மார்க்கும் போட்டிருக்கும். ‘கியூஜிஐஎஸ்’ என்ற இலவச மென்பொருளில் இதை இறக்கி, ஊர் எல்லையை வெட்டி, பரப்பளவைக் கூட்டினால் முடிந்தது. ஒரு பேச்சுக்கு 1,000 கூரை, ஒவ்வொன்றும் 80 சதுர மீட்டர், அதில் 30 சதவீதம்தான் தேறும் என்று வைத்தால் 24,000 சதுர மீட்டர். 1 கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் கணக்கில் 2,400 கிலோவாட். தினமும் 9,600 யூனிட்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ‘30 சதவீதம்’ எங்கிருந்து வந்தது? நான் போட்டது. 50 என்று போட்டிருந்தால் 4,000 கிலோவாட். இந்த மாதிரி ரிப்போர்ட்களில் முதலில் தேட வேண்டியது இந்த ஒரு சதவீதத்தைத்தான். மாட்டுத் தொழுவம், தகர ஷெட், ஓட்டு வீடு, ரைஸ் மில் எல்லாமே மேப்புக்குக் கூரைதான். மதுநாதர் கோயில் மண்டபமும்தான். அதன் மேல் யாரும் பேனல் மாட்டப் போவதில்லை.

மேலிருந்து நேராகப் பார்க்கும் படத்தில் உயரம் தெரியாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். மாடிப்படி அறை, தண்ணீர் டேங்க், கைப்பிடிச் சுவர் எல்லாம் தட்டையாகத் தெரியும். இதைத் தீர்க்க வழி இருக்கிறது: விமானத்திலிருந்து லேசர் கதிர் அடித்து உயரத்தையும் அளக்கும் ‘லைடார்’. பெங்களூருவில் மின்வாரியமான பெஸ்காமும் சிஸ்டெப் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நகரத்துக்கே இப்படி அளந்து, ‘க்ரெஸ்ட்’ என்ற இணையக் கருவியை உருவாக்கின. பக்கத்து மரம், பக்கத்து வீட்டு நிழல் வரை அதில் கணக்கில் வரும். கூகுள் 2015-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த ‘ப்ராஜெக்ட் சன்ரூஃப்’பும் இதே மாதிரி முப்பரிமாணக் கணக்குதான். இலத்தூருக்கெல்லாம் விமானம் பறக்கிற வரை நாம் மாடிப்படி ஏறித்தான் ஆக வேண்டும்.

10 கிலோவாட் 2 ஆன கதை

அத்தை வீட்டு மாடி 28-க்கு 40 அடி. 1,120 சதுர அடி, அதாவது 104 சதுர மீட்டர். மேப் கணக்குப்படி 10 கிலோவாட் தாராளமாக நிற்கும். கொட்டேஷன்காரர்கள் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள், அந்த விதத்தில் நியாயவான்கள்.

சுற்றிலும் கைப்பிடிச் சுவரை ஒட்டி 3 அடி விட வேண்டும். நடக்க, கழுவ, நிழல் படாமல் இருக்க. 22-க்கு 34 ஆனது. மாடிப்படி அறைக்கு 120 சதுர அடி. அது 9 அடி உயரம் என்றால், மார்கழி நண்பகலில் அதன் வடக்குப் பக்கம் ஐந்தரை அடிக்கு மேல் நிழல் விழும், அதுவும் போச்சு. மேற்கு ஓரம் தென்னைக்குச் சொந்தம். வடகம் காயப்போட, துணி காயப்போட இடம் வேண்டும் என்பதில் அத்தை கறார். மிஞ்சியது சுமார் 300 சதுர அடி. 3 கிலோவாட்.

அடுத்தது ஈ.பி. அட்டை. இதைக் கேட்காமல் கொட்டேஷன் போடும் யாரையும் நான் நம்ப மாட்டேன். அத்தை வீட்டில் இரண்டு மாதத்துக்கு 440 யூனிட் ஓடுகிறது. ஃப்ரிட்ஜ், மோட்டார், போன வருஷம் வாங்கிய ஏ.சி. நம்ம 240-ஆல் வகுத்தால் 1.8 வரும். ஆக 2 கிலோவாட் போதும். ஐந்து போட்டால் 1,200 யூனிட் வரும். 760 யூனிட் உபரி. நெட் மீட்டரில் அது வரவாக ஏறும், உண்மைதான். ஆனால் நீங்கள் வாங்கும் விலைக்கே விற்றுவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டு லோன் எடுக்காதீர்கள்.

மானியமும் அதையேதான் சொல்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. அதோடு சரி. 3 போட்டாலும் 5 போட்டாலும் அதே 78,000தான். அத்தைக்கு வந்த கொட்டேஷனில் நான்காவது, ஐந்தாவது கிலோவாட் முழுக்க முழுக்க அவர் கைக்காசு. அதுவும் அவருக்குத் தேவைப்படாத மின்சாரத்துக்கு.

இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்தான் ஓடுகிறது என்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் 2016-லிருந்தே இலவசம். நீங்கள் காசு கட்டுவது 50 யூனிட்டுக்கு. அந்தச் சின்ன பில்லை மிச்சம் பிடித்துப் போட்ட முதலை எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். மாறாக, 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி 501-லிருந்து 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய். சோலார் முதலில் அடித்து இறக்குவது இந்த மேல்தட்டு யூனிட்டைத்தான். யார் வீட்டில் சோலார் லாபம் என்பதைத் தீர்மானிப்பது கூரையின் அகலத்தை விட இந்த ஸ்லாப்தான்.

நாட்டுக்கே இதே கதைதான்

டெல்லியைச் சேர்ந்த சிஇஇடபிள்யூ ஆய்வு நிறுவனம் 2023-ல் இந்திய வீடுகளின் கூரைகளை இப்படிக் கணக்குப் போட்டது. சுமார் 25 கோடி வீடுகள். கூரைப் பரப்பை மட்டும் பார்த்தால் 637 ஜிகாவாட் என்று வந்தது. வீடுகள் உண்மையில் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கின்றன என்று சேர்த்ததும் அது 118 ஆனது. மானியம் இல்லாமல், போட்ட பணம் ஐந்து வருடத்தில் திரும்ப வர வேண்டும், மக்களுக்கும் போட மனசு இருக்க வேண்டும் என்று வைத்ததும் 11. மானியம் கொடுத்தால் 32.

637-லிருந்து 11. இந்த இறக்கத்தில் சூரியன் ஒரு அடி கூட நகரவில்லை. தமிழ்நாடு 2019 சூரிய மின்சக்திக் கொள்கையில் 2023-க்குள் 9,000 மெகாவாட் என்றும், அதில் 40 சதவீதம் நுகர்வோர் பக்கமிருந்து வரும் என்றும் எழுதியது. கூரைப் பங்கு அந்த உயரத்தைத் தொடவே இல்லை. கூரை இல்லாமல் இல்லை.

இதற்காக மேப் வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும், எந்த அரசுப் பள்ளிக் கூரை பெரிது, எந்த டிரான்ஸ்ஃபார்மர் மேல் பாரம் ஏறும் என்று திட்டமிடுகிறவர்களுக்கு அது தங்கம். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-ல் மத்திய அரசு விதியை மாற்றிய பிறகு, ஒரு தெருவில் எத்தனை பேர் போடக்கூடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். உங்கள் வீட்டு முடிவுக்கு மட்டும் அது பாதி விடை.

மீதிப் பாதிக்கு அத்தையிடம் ஒரு வேலை சொன்னேன். ஒரு நாள் காலை 9 மணிக்கு மாடி ஏறி, எங்கெல்லாம் நிழல் விழுகிறதோ அதன் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதையே 12.20-க்கு, மறுபடி மூன்றரைக்கு. மூன்று தடவையும் கோட்டுக்குள் சிக்காத இடம்தான் பேனலுக்கு.

அத்தை சாக்பீஸ் தேடவில்லை, கோலப்பொடியை எடுத்துக்கொண்டார். மூன்று வேளையும் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினார். கிழக்குப் பக்கம், டேங்குக்கும் கொடிக்கயிறுக்கும் நடுவே, நாலு பெரிய பேனலுக்கு இடம் சுத்தமாக இருக்கிறது. இப்போது வரும் பேனல் ஒன்று 540 வாட்டுக்கு மேல். நாலு போட்டாலே 2 கிலோவாட் தாண்டும். புதுக் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். தென்னையை வெட்டலாமா என்று கேட்ட மாமாவுக்கு நல்ல டோஸ் விழுந்ததாகத் தகவல்.

மறுநாள் சாரலில் கோடெல்லாம் அழிந்துவிட்டது. பரவாயில்லை, மார்கழியில் சூரியன் தெற்கே போனதும் நிழல் இடம் மாறும், அப்போது இன்னொரு தடவை போட வேண்டியிருக்கும் என்றேன்.

“மார்கழியில கோலம் போட நீ வேற சொல்லணுமாக்கும்” என்று போனை வைத்துவிட்டார்.